தாமதத்தின் பயன்



மின்னணுவியலில் வியப்பூட்டும் சாதனங்கள் எத்தனையோ இருக்க, இரண்டே உறுப்புகளால் ஆன மிக எளிய ஒரு சுற்றை, அதாவது தொழிற்கூடங்களில் 'லோ-பாஸ் ஃபில்டர்' என்றும் பாடநூல்களில் தாழ்வதிர்வெண் வடிகட்டி என்றும் வழங்கும் அமைப்பை, இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டிருக்கிறேன். வானொலிப் பெட்டியிலும் தொலைபேசி நிலையத்திலும், மருத்துவமனையில் இதயத்துடிப்பைப் பதியும் கருவியிலும், உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியிலும் அதன் சார்ஜரிலும் ஒருங்கே இடம்பெற்றிருக்கும் சுற்று அது. அப்படியிருந்தும், மாணவர்களில் பெரும்பாலோர் அதன் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அதன் சுபாவத்தை அறியாமலே தேர்வில் தேறிச் சென்றுவிடுகிறார்கள். வடிகட்டி என்ற பெயரைக் கேட்டதும், நல்லதையும் கெட்டதையும் ஏதோ ஒரு விவேகத்தோடு அது பிரித்தெடுக்கிறது என்ற எண்ணம் நமக்கு உண்டாகிறது. உண்மையில் அதற்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், அது தாமதிக்கும். தாமதிக்கின்ற ஒன்றினால் விரைவாக மாறுவதைப் பின்தொடர இயலாது. மெதுவாக மாறுவதை மட்டுமே அது முழுமையாக ஏந்திச் செல்லும். இந்தத் தாமதம் மின்பொறியியலில் முதலில் பெருஞ் சங்கடமாக வந்து, பிறகு அரிய கருவியாக மாறிய வரலாற்றையும், கருவியாக ஆன பின்னும் அது நம்மிடம் வசூலிக்கின்ற விலையையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அயர்லாந்தின் வாலென்ஷியாத் தீவையும் நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவையும் இணைத்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் ஏறத்தாழ 2000 மைல் நீளத்துக்குத் தந்திக் கம்பி ஒன்று போடப்பட்டது. இரு கண்டங்களும் விழாக் கொண்டாடின. ஆனால் விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய, 98 சொற்களே கொண்ட வாழ்த்துச் செய்தி, மீண்டும் மீண்டும் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்த காலமும் சேர்ந்து, அக்கரை போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அந்தக் கம்பியின் நடுவே செம்பு, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை, அதற்கு வெளியே கடல் நீர். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருளை வைத்தால் மின்தேக்கி உண்டாகிறது என்பது நீங்கள் பள்ளியிலேயே படித்தது. ஆகவே அந்தக் கம்பி முழுவதும், யாரும் வேண்டாமலே, 2000 மைல் நீளமுள்ள ஒரு மின்தேக்கியாக இருந்தது. செம்புக்கோ தன் சொந்த மின்தடையும் உண்டு. இக்கரையில் தந்திச் சாவியை அழுத்தினால், செலுத்திய மின்சாரம் முதலில் அந்த நீண்ட மின்தேக்கியை நிரப்புவதிலேயே செலவாகி, அக்கரையில் மெல்ல மெல்ல எழுந்தது. எழுந்தது முற்றும் அடங்குவதற்குள் அடுத்த குறி வந்துவிட்டால், புள்ளியும் கோடும் ஒன்றோடொன்று கலந்து, படிப்பதற்கு எதுவுமில்லாத ஒரு மந்தமான அலையாக ஆயிற்று.

இது இவ்வாறுதான் ஆகும் என்று கம்பி போடுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொன்னவர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய வில்லியம் தாம்சன், வெப்பம் திடப்பொருளில் பரவுவதற்கு ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் கண்ட சமன்பாட்டையே கடலடிக் கம்பிக்கும் பொருத்தி, தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று 1855இல் நிறுவினார். நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கிறது, மின்தேக்குத் திறனும் இரட்டிக்கிறது. தாமதம் இவ்விரண்டின் பெருக்கம் ஆதலால் நான்கு மடங்காகிறது. செம்பைத் தடிப்பாக்குக, உறையைத் தடிப்பாக்குக, அக்கரையில் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டவல்ல நுண்கருவியை வைத்திடுக என்பது தாம்சனின் உபதேசம். கம்பி போட்ட கம்பெனியின் மின்துறைப் பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ் என்பவர் இந்த வர்க்க விதியை ஏற்கவில்லை. அழுத்தத்தை ஏற்றினால் செய்தி விரையும் என்று கருதி, ஏறத்தாழ 2000 வோல்ட் வரை அவர் செலுத்திய மின்னழுத்தம், முன்னமே பழுதுற்றிருந்த கம்பியின் ஆயுளை மேலும் குறுக்கியது. சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. தாம்சன் சொன்னபடி செம்பும் உறையும் தடித்த கம்பி, கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலிலிருந்து 1866இல் இறக்கப்பட்ட பிறகே அட்லாண்டிக் தந்தி நிலைபெற்றது.

இனி, அந்த 2000 மைல் விவகாரத்தை மேசைமேல் ஓரங்குல இடத்துக்குள் அடக்கிப் பார்ப்போம். ஒரு மின்தடை; அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு ஒரு மின்தேக்கி; உள்ளீடு மின்தடையின் முன்முனையில், வெளியீடு மின்தேக்கியின் தலையில். சுற்று இவ்வளவே. குறுகிய வாய்க்கால் வழியாக நீர் வந்து சேரும் பெரிய ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்: வாய்க்காலின் தலைப்பில் நீர் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கினாலும் ஏரியின் மட்டம் அசைவதில்லை, மாதக்கணக்கில் மழை நீடித்தால் மட்டம் உயர்கிறது, கோடை நீடித்தால் தாழ்கிறது. மின்தடையே வாய்க்கால், மின்தேக்கியே ஏரி. உதாரணமாக, 10 கிலோஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் கொண்டால், இரண்டின் பெருக்கம் 1 மில்லிவினாடி ஆகிறது. இதனைக் கால மாறிலி என்பர். திடீரென்று 1 வோல்ட் கொடுத்தால், வெளியீடு 1 மில்லிவினாடியில் அதன் 63 விழுக்காட்டைத் தொட்டு, 5 மில்லிவினாடியில் 99 விழுக்காட்டைக் கடந்து, நிதானமாக முழு அளவை எட்டும்.

இதையே அதிர்வெண் நோக்கில் பார்ப்பதும் உண்டு; பொறியியலாளர்களுக்குப் பெரிதும் பழக்கமானது அந்த நோக்கே. மின்தேக்கி மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, அதிர்வெண் ஏற ஏறக் குறைகிறது. மேற்சொன்ன 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 31,800 ஓம் எதிர்ப்பைக் காட்டும். 5000 ஹெர்ட்ஸிலோ 318 ஓம் மட்டுமே. ஆகவே விரைந்த அலைகள் அதன் வழியே சுலபமாகத் தரைக்கு இறங்கிவிட, மெதுவான அலைகள் வெளியீட்டில் நிற்கின்றன. 1 வோல்ட் அலை கொடுத்தால், 50 ஹெர்ட்ஸில் 0.95 வோல்ட் வெளிவரும். 159 ஹெர்ட்ஸில் 0.707, 1590 ஹெர்ட்ஸில் பத்தில் ஒன்று, 5000 ஹெர்ட்ஸில் 0.03 வோல்ட் அளவே. நடுவிலுள்ள 159 என்னும் எண், 1 என்பதை 2π, மின்தடை, மின்தேக்குத் திறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்துக் கிடைப்பது. அங்கே திறன் பாதியாகிறது. அலை 45 பாகை பின்தங்குகிறது. இதனை வெட்டு அதிர்வெண் என்று அழைத்தாலும், அங்கே எதுவும் திடீரென்று வெட்டுண்டு போவதில்லை என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அது ஒரு சரிவின் தொடக்கம். அதற்கு அப்பால் அதிர்வெண் இரட்டிக்குந்தோறும் வெளியீடு ஏறக்குறைய பாதியாகிறது, அதாவது 6 டெசிபல் இறங்குகிறது.

கடலடியில் பகையாய் நின்ற இந்தக் குணம் எவ்வாறு ஊழியத்துக்கு வந்தது? அந்தக் கதை தொலைபேசியோடு சேர்ந்தது. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் மங்கிப் போவதற்கு மாற்றாக, கம்பியின் தூண்டல் திறனை வேண்டுமென்றே மிகுவித்தால் குரல் சிதையாமல் செல்லும் என்று, பல்கலைக்கழகப் படிப்பே இல்லாமல் தாமே கற்றுத் தேர்ந்த ஆலிவர் ஹெவிசைடு 1887இல் எழுதினார். பின்னர் அமெரிக்காவில், மிக்கேல் பூப்பினும் ஏ. டி. அண்டு டி. கம்பெனியின் பொறியியலாளரான ஜார்ஜ் கேம்ப்பெல்லும், குறித்த தூரத்துக்கு ஒன்றாகக் கம்பிச் சுருள்களை இடையிடையே சேர்க்கும் முறையைத் தனித்தனியே வகுத்தனர். சுருள் சேர்த்த கம்பியில் குரல் தெளிவாகச் சென்றது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட எதுவும் அதில் செல்ல மறுத்தது. 1903இல் இதனைக் கணக்கிட்டு விளக்கிய கேம்ப்பெல், மற்றவர்கள் குறையென்று ஒதுக்கிவிடக்கூடிய இந்த மறுப்பிலேயே ஒரு சாதனத்தின் வித்து இருப்பதைக் கண்டார். கம்பியை நீக்கிவிட்டு, மின்தூண்டியும் மின்தேக்கியும் மாறிமாறி வரும் ஏணி ஒன்றை ஒரு பெட்டிக்குள் அமைத்தால், வேண்டிய அதிர்வெண் வரை விட்டு அதற்குமேல் மறிக்கும் கருவி கிடைத்துவிடுகிறது. அவருடைய காப்புரிமை 1917இல் வழங்கப்பட்டது; ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் தாமாகவே அதே முடிவுக்கு வந்திருந்தார். ஒரே கம்பிச் சோடியில் பல உரையாடல்களை 4 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கி அனுப்பும் முறை இத்தகைய வடிகட்டிகளைக் கொண்டே வளர்ந்தது. ஒரு துன்பத்தை அளந்து அறிந்தவரே அதைக் கருவியாக்கவும் வல்லவர் ஆனார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஏணியில் படிகள் மிக மிகச் சரிவு செங்குத்தாகிறது என்பது தெரிந்ததும், குறிப்பிட்ட எல்லை வரை முழுவதையும் விட்டு, அதற்கு மேல் சுவர்போல் அனைத்தையும் தடுக்கும் பூரண வடிகட்டியை ஏன் செய்யக்கூடாது என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசை நிறைவேறாது. கணக்கிட்டுப் பார்த்தால், அத்தகைய வடிகட்டி, உள்ளீடு வருவதற்கு முன்பே அதற்கு விடைகொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று தெரிகிறது. காரணத்துக்கு முன் காரியம் நிகழ்வது இயற்கையில் இல்லை. ஆகவே எந்தச் சௌகரியத்துக்காக எதை விட்டுக்கொடுப்பது என்பதே வடிகட்டி அமைப்பவரின் கலை. கடக்கும் பகுதி மேடுபள்ளமின்றிச் சமமாக இருக்கவேண்டும் என்பார்க்கு, ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930இல் காட்டிய வழி உண்டு. சரிவு செங்குத்தாக இருந்தால் போதும், சமத்தில் சிறிது அலைவு இருந்தாலும் பொறுப்பேன் என்பார்க்கு, ருஷ்யக் கணித மேதை செபிஷேவின் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு அமைத்த வகை இருக்கிறது. துடிப்பின் வடிவம் குலையாமல் வரவேண்டும் என்பார்க்குப் பெஸ்ஸலின் பெயரால் வழங்கும் வகை. 1955இல் சாலன், கீ என்னும் இருவர், மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒரு பெருக்கியும் மட்டுமே கொண்டு இரண்டாம் படி வடிகட்டியை அமைத்துக் காட்டியபின், தாழ்ந்த அதிர்வெண்களில் கனத்த கம்பிச் சுருள்களைச் சுமக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் நீங்கிற்று.

பயன்களுக்கு வருகிறேன். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அதை முழுஅலைத் திருத்தி வழியாகச் செலுத்தினால், ஒரே திசையில் ஓடினாலும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மின்சாரம் கிடைக்கிறது. இந்தச் சிற்றலையை அடக்க வைக்கப்படும் பெரிய மின்தேக்கியே மிகப் பரவலான தாழ்வதிர்வெண் வடிகட்டி. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 100 மில்லியாம்பியர் எடுத்தால் சிற்றலை ஏறத்தாழ 1 வோல்ட் இருக்கும் என்பது காகிதத்தில் ஒரு வரிக் கணக்கு. பழைய வானொலிப் பெட்டி ஓயாமல் உறுமத் தொடங்கினால், பழுதுபார்ப்பவர் திறந்து பார்க்கும் முன்பே 'ஃபில்டர் கண்டென்சர் போய்விட்டது' என்று சொல்வார். அந்த உறுமல், வடிகட்டுவாரின்றி ஒலிபெருக்கி வரை வந்துவிட்ட 100 ஹெர்ட்ஸே ஆகும்.

வானொலிக்குள் இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மத்திய அலை வானொலியில் 455 கிலோஹெர்ட்ஸ் அலை குரலைச் சுமந்துகொண்டு டயோடு வரை வருகிறது. டயோடு அதன் ஒரு பாதியை நீக்க, அடுத்துள்ள மின்தடையும் மின்தேக்கியும் சுமந்து வந்த விரைந்த அலையை விட்டுவிட்டு, அதன் முகட்டைத் தொட்டுச் செல்லும் குரலை மட்டும் தருகின்றன. கால மாறிலி மிகச் சிறிதானால் சுமந்த அலை குரலோடு கலக்கும். மிகப் பெரிதானால் குரலின் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் மழுங்கும். பண்பலை ஒலிபரப்பில் வேறொரு யுக்தி: இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்களில் மிகுதி ஆதலால், ஒலிபரப்பும்போதே அந்தப் பகுதியை உயர்த்தி அனுப்பிவிட்டு, கேட்கும் பெட்டியில் அதே அளவு தாழ்த்துகிறார்கள், குரல் பழைய நிலைக்கு வர, வழியில் சேர்ந்த இரைச்சல் அதோடு சேர்ந்து தாழ்ந்துவிடுகிறது. 1977இல் சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கிய பண்பலைச் சேவையைக் கேட்ட பெட்டிகளிலும், இன்று நாம் பண்பலை கேட்கும் கருவிகளிலும் இத்தொழிலைச் செய்வது 50 மைக்ரோவினாடிக் கால மாறிலியுள்ள எளிய வடிகட்டி. ஒலிபெருக்கிப் பெட்டியில் தடித்த ஒலிகளுக்கான பெரிய கூம்புக்கு மெதுவான அலைகளை மட்டும் அனுப்பும் கம்பிச் சுருளும், நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் சார்ஜருக்குள் சீரான மின்னழுத்தம் தரும் சுருளும் மின்தேக்கியும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றை விரிக்கத் தேவையில்லை.

இலக்கமுறைக் கருவிகளில் வடிகட்டிக்கு உள்ள பொறுப்பு இன்னும் கனமானது. குறுந்தகட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிகிறார்கள். அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எந்த அலையும் அளக்கும் கருவியை அடையக்கூடாது. அடைந்தால், உதாரணமாக, காதுக்கே எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் அலை, 44,100இலிருந்து அதைக் கழித்த 14,100 ஹெர்ட்ஸ் அலையாக வேடம் பூண்டு பதிவில் உட்கார்ந்துகொள்ளும். பதிந்தபின் அதை உண்மையான 14,100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து பிரித்தறிய எந்தக் கணிதத்தாலும் இயலாது. ஆகவே காவல் வாயிலுக்கு முன்னேயே இருக்க வேண்டும். எத்தனை வல்லமை வாய்ந்த கணினியானாலும், அதன் வாயிலில் மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட ஒரு பழைய சுற்று நின்றே தீரவேண்டும் என்பதை, மென்பொருளிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். உள்ளே வந்தபின் நடக்கும் வடிகட்டலை எண்களைக் கொண்டே செய்யலாம்: புதிய அளவுக்கும் முந்தைய விடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் முந்தைய விடையோடு கூட்டிக்கொண்டே போனால், நம் மின்தடையும் மின்தேக்கியும் செய்த அதே தாமதம் எண்களில் பிறந்துவிடுகிறது.

இதுவரை நன்மையையே பேசினேன். வடிகட்டியின் விலையைச் சொல்லாமல் விட்டால் உரை நேர்மையானதாக ஆகாது. இதயத்துடிப்புப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு வினாடிக்கு ஒன்றை ஒட்டியதுதான். ஆனால் அதன் கூரிய முகடுகளிலும் சிறு வெட்டுகளிலும் நூறு ஹெர்ட்ஸுக்கு மேலும் செய்தி இருக்கிறது. பெரியவர்களுக்கு 150 ஹெர்ட்ஸ் வரையிலும் குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ் வரையிலும் விடவேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைப்பது இதனாலேயே. நோயாளி குளிரில் நடுங்கினாலோ, அச்சத்தால் தசைகளை இறுக்கினாலோ, பதிவில் நுண்ணிய நடுக்கம் ஏறிவிடும். அப்போது கருவியிலுள்ள 40 ஹெர்ட்ஸ் வடிகட்டியை இயக்கினால் கோடு அழகாக, வழவழப்பாக வரும். அந்த அழகு ஆபத்தானது. முகட்டின் உயரம் குறைந்து, சிறு வெட்டுகள் மறைந்து, மருத்துவர் காணவேண்டிய அடையாளமே நடுக்கத்தோடு சேர்ந்து கழிந்துபோகலாம். நோயாளிக்குப் போர்வை போர்த்தி, ஆறுதல் சொல்லி, தசைகளைத் தளர்த்தச் செய்து, மின்முனைகளைச் செம்மையாகப் பொருத்தி, வடிகட்டியை 150இலேயே விட்டுவைப்பவரே நல்ல தொழில்நுட்பர் என்று நான் கருதுகிறேன்.

மற்றொரு விலை, காலம். உலையின் வெப்பத்தையோ மோட்டாரின் வேகத்தையோ தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பில், உணரியிலிருந்து வரும் அளவு இரைச்சலோடு வருகிறதே என்று வலிமையான வடிகட்டியைச் சேர்த்தால், அளவு சீராகும். ஆனால் அது பழைய செய்தியாகவும் ஆகிவிடும். வெப்பம் ஏறியது தெரியவரும்போது அது மேலும் ஏறியிருக்கும்; தாழ்ந்தது தெரியவரும்போது மேலும் தாழ்ந்திருக்கும். கட்டுப்படுத்த வந்த அமைப்பே ஊசலாட்டத்தைத் தொடங்கிவைக்கும் விபரீதம் இவ்வாறுதான் நேர்கிறது. அட்லாண்டிக் கம்பியில் வைட்ஹவுஸ் ஏற்க மறுத்த விதி காட்டிய தாமதமும் இந்தத் தாமதமும் வேறல்ல. எனவே வெட்டு அதிர்வெண்ணைத் தீர்மானிக்குமுன், இரைச்சல் எங்கே இருக்கிறது என்று கேட்பதைக் காட்டிலும், எனக்கு வேண்டிய செய்தி எதுவரை இருக்கிறது, எவ்வளவு தாமதத்தை அது பொறுக்கும் என்று கேட்பதே முறை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் சூத்திரத்தில் விடை இல்லை. பொருளை அறிந்தவரிடமே விடை உண்டு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வடிகட்டிப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காதீர்கள். 1 கிலோஓம் மின்தடை, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஓர் ஒலிவாங்கி, ஒரு பெருக்கி, ஓர் ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கொண்டு, ஒரு மாணவர் படிக்கும் செய்தித்தாளின் பத்தியை வடிகட்டி இல்லாமல் ஒரு முறையும், அதனூடே ஒரு முறையும் வகுப்பு முழுவதும் கேட்கச் செய்யுங்கள். 1600 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும் சரிவில் 'ஸ', 'ச' ஒலிகள் மங்குவதை மாணவர்கள் தங்கள் காதாலேயே கேட்டுவிடுவார்கள். மின்தேக்கியைப் பத்து மடங்காக்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆவதையும் கேட்கட்டும். அதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதுங்கள்.